இசை நடத்துனர் ஆவது எப்படி: ஒத்திகை அறைப் பியானோவிலிருந்து ஓபரா அரங்கம் வரை

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ராவை மிகேல் டாம்ஸ் நடத்தினார். அதன் பிறகு இசை படிக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "எழுதியவர் ராஜா சார். அப்போ முன்னால் நின்று நடத்தியவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்? அதற்கு என்ன படிக்க வேண்டும்?" அந்தக் கேள்விக்கான பதிலை முதல் நாளிலிருந்து முதல் ஒப்பந்தம் வரை வரிசையாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வாசல்கள் பல உண்டு. ஆனால் வசதியோ செல்வாக்கோ இல்லாத ஒருவர் நம்பி நுழையக்கூடிய வாசல், பாட்டாலேயே கதை நடக்கும் ஓபராவின் அரங்கத்தில் இருக்கும் ஒத்திகை அறைதான். அங்கே பாடகர்களுக்குப் பியானோ வாசிக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக ஆர்கெஸ்ட்ரா முன்னால் போய் நிற்பது. கையசைப்பு இந்த வேலையில் சிறிய பங்கு. காதும் பியானோவும் பாடகரின் மூச்சைப் புரிந்துகொள்வதும்தான் பெரிய பங்கு.

இந்தத் தொழில் எங்கே இருக்கிறது

மாதச் சம்பளத்தோடு இசை நடத்துனர்களை வேலைக்கு வைப்பதில் ஜெர்மனிக்கு இணையான நாடு இல்லை. ஒரு காலத்தில் அந்த நாடு பல சிற்றரசுகளாகக் கிடந்தது. வசதியான அரசர்கள் ஆளுக்கொரு அரங்கமும் இசைக்குழுவும் வைத்திருந்தார்கள். அரசர்கள் போனார்கள், அரங்கங்கள் நகரத்துக்கும் மாநிலத்துக்கும் கைமாறின. இன்றும் பொதுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்கங்கள் அங்கே 80க்குப் பக்கம், முழுநேர ஆர்கெஸ்ட்ராக்கள் 130க்குப் பக்கம்.

மைனிங்கன் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 25,000. அங்கேயும் ஓபரா உண்டு. நடத்துனர் ஹான்ஸ் ஃபான் பியூலோவ் 1880இல் அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவின் பொறுப்பை ஏற்றார். 1885இல் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் நடத்துனராக முதல் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான். 1999இல் கிரில் பெட்ரென்கோ அங்கே பொது இசை இயக்குநர் ஆனார். 2001இல் வாக்னரின் 'ரிங்' நான்கு ஓபராக்களையும் அடுத்தடுத்த நான்கு இரவுகளில் அவர் நடத்திக் காட்டியபோது, அந்தச் சின்ன ஊரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 2019 முதல் அவர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துனர்.

இந்த அரங்கங்களில் ஏணி ஒன்று உண்டு. கீழ்ப்படியில் கொரெபெடிடோர், அதாவது பாடகர்களைப் பியானோவில் தயார்செய்பவர். அதற்கு மேல் கபெல்மைஸ்டர், அதாவது அரங்கத்தின் நடத்துனர், பிறகு முதல் கபெல்மைஸ்டர், உச்சியில் பொது இசை இயக்குநர். இசையமைப்பாளரும் நடத்துனருமான மாலர், பாட் ஹால் என்ற சிற்றூரில் 1880இல் தொடங்கி லைபாக், ஓல்மியூட்ஸ், காசல், பிராக், லைப்ஸிக், புடாபெஸ்ட், ஹாம்பர்க் என்று ஊர் ஊராகப் போய், 1897இல்தான் வியன்னா அரண்மனை ஓபராவை அடைந்தார். பின்னாளில் புகழ்பெற்ற நடத்துனர் காரயன் 1929இல் உல்ம் என்ற ஊரின் சின்ன அரங்கத்தில் தொடங்கி ஐந்து வருடம் அங்கேயே இருந்தார். இந்தப் பாதை இன்றும் திறந்தே இருக்கிறது.

படி 1: பியானோவில் உட்காருங்கள்

பெரிய நடத்துனர்கள் எல்லோரும் பியானோக்காரர்கள் என்று சொல்ல முடியாது. டோஸ்கனினி செல்லோ வாசித்தவர். மும்பையில் பிறந்த ஜுபின் மேத்தா வியன்னாவில் டபுள் பாஸ் படித்தவர். சைமன் ராட்டில் தாளவாத்தியக்காரர். ஆர்கெஸ்ட்ராவுக்குள் உட்கார்ந்து ஒரு வாத்தியம் வாசித்த அனுபவம் விலைமதிப்பில்லாதது, வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனாலும் ஓபரா அரங்கத்தில் வேலை வேண்டுமானால் பியானோ இல்லாமல் கதவு திறக்காது.

எந்த அளவுக்கு வாசிக்க வேண்டும்? சென்னையில் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வுகளில் எட்டாவது கிரேடு முடித்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு அங்கிருந்துதான் தொடக்கம். பாக்கின் பிரெலூட்களும் ஃபியூகுகளும், பேத்தோவன் சொனாட்டாக்களும் கையில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், முன்பின் பார்க்காத பக்கத்தை வைத்ததும் நிற்காமல் வாசிக்கும் பழக்கம். தினமும் அரை மணி நேரம் புதிய பக்கங்களை வாசியுங்கள். தப்பு விழுந்தாலும் தாளம் நிற்கக் கூடாது. ஒத்திகையில் பாடகர் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்.

படி 2: காது

கர்நாடக சங்கீதம் படித்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு பெரிய பலம் இருக்கிறது. லயம் உடம்பிலேயே ஊறியிருக்கும். கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் பழகிய கைக்கு, மேற்கத்திய மாணவர்கள் திணறும் ஐந்து, ஏழு எண்ணிக்கைகள் புதிதல்ல. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' கடைசிப் பகுதியில் தாளக்கட்டு கிட்டத்தட்ட ஒவ்வொரு அளவுக்கும் (bar, நம் ஆவர்த்தனம் போன்றது) மாறுகிறது. அதை அச்சமில்லாமல் அணுகுவீர்கள்.

குறை வேறு இடத்தில். நம் காது ஒரே மெட்டைப் பின்தொடர்ந்து, அதன் கமகங்களை நுணுக்கமாகக் கேட்கப் பழகியது. ஆர்கெஸ்ட்ராவில் ஐந்தாறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். அதன் நடுவில், இரண்டாவது கிளாரினெட் அரை ஸ்வரம் தப்பாக வாசித்ததைப் பிடிக்க வேண்டும். இதற்குப் பழைய பயிற்சி ஒன்று இருக்கிறது, இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. பாக்கின் நான்கு குரல் கோரால் (தேவாலயப் பாட்டு) ஒன்றை எடுங்கள். மூன்று குரல்களைப் பியானோவில் வாசித்துக்கொண்டு நான்காவதை நீங்கள் பாடுங்கள். முதல் நாள் மேல் குரல், மறுநாள் கீழ்க் குரல், அப்புறம் நடுவில் இருக்கும் இரண்டும். நடுக்குரல்கள்தான் கஷ்டம், காது வளர்வதும் அங்கேதான். ஒரு கோரால் முடிந்ததும் அடுத்தது. மொத்தம் முந்நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, தீராது.

கூடவே நண்பர் ஒருவரை நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து அமுக்கச் சொல்லி, மேலிருந்து மூன்றாவதை மட்டும் பாடிப் பழகுங்கள். ஹார்மனி (ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது), கவுண்டர்பாயின்ட் (மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னுவது) பாடங்கள் எல்லாம் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நிற்கும்.

படி 3: முழு ஸ்கோரைப் படிப்பது

ஸ்கோர் என்பது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த இசைப் பிரதி. ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரில் ஒரே பக்கத்தில் இருபது வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே புல்லாங்குழல், கீழே டபுள் பாஸ். வயோலா வரிக்குத் தனி கிளெஃப் (எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி). பி ஃபிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும், ஏ கிளாரினெட் ஒன்றரை ஸ்வரம் கீழே. எஃப் ஹார்ன் ஐந்தாம் இடைவெளி (ச-ப தூரம்) கீழே ஒலிக்கும். இதையெல்லாம் பார்த்தவுடனே மனதில் மாற்றி, பியானோவில் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஹைடனின் நால்வர் இசையிலிருந்து தொடங்குங்கள், நான்கே வரிகள். பிறகு மொஸார்ட்டின் ஆரம்ப சிம்பொனிகள், அப்புறம் பேத்தோவன். காப்புரிமை முடிந்த ஸ்கோர்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவைப் போட்டுக்கொண்டு ஸ்கோரைப் பார்ப்பது இனிமையான பொழுது, ஆனால் அதையே படிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் சத்தமில்லாமல் படியுங்கள். வரிகளை மனதில் கேளுங்கள். கட்டமைப்பைப் பிரியுங்கள்: எத்தனை அளவுகள் சேர்ந்து ஒரு வாக்கியம் ஆகிறது, எங்கே வழக்கத்தை மீறி ஐந்து அளவு வருகிறது, ஏன்? வியன்னாவில் மேத்தாவுக்கும் அப்பாடோவுக்கும் ஆசிரியராக இருந்த ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குத்தான் முதலிடம் கொடுத்தார்.

படி 4: ஒரு கொயரை நடத்துங்கள்

ஆர்கெஸ்ட்ரா கிடைக்கவில்லை என்று ஏங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பல சி.எஸ்.ஐ. தேவாலயங்களில் நான்கு குரல் கொயர் (சேர்ந்து பாடும் குழு) இருக்கிறது, டானிக் சோல்ஃபா எழுத்துகளைப் பார்த்தே பாடிவிடுவார்கள். சென்னையில் மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893இல் தொடங்கியது. அங்கே போய்ப் பாடுங்கள், பிறகு ஒரு சின்னக் குழுவை நடத்தக் கேளுங்கள். பாடகர்கள் எங்கே மூச்சு எடுக்கிறார்கள், ஆல்டோ குரல் (பெண்களின் கீழ்க்குரல்) ஏன் சுருதி இறங்குகிறது, எந்தச் சொல்லின் மெய்யெழுத்து தாமதமாக விழுகிறது என்றெல்லாம் அங்கே தெரிந்துகொள்ளலாம். ஓபராவுக்கு நேரடியாகப் பயன்படும் படிப்பு இது.

மேத்தாவும் அப்பாடோவும் மாணவர்களாக இருந்தபோது, வியன்னாவில் பெரிய நடத்துனர்களின் ஒத்திகைகளை வெளியாட்கள் பார்க்க முடியாது. இருவரும் ஸிங்ஃபெரைன் கொயரில் பாஸ் குரலாகச் சேர்ந்துவிட்டார்கள். ப்ரூனோ வால்டரும் காரயனும் ஒத்திகை நடத்தும் விதத்தை எதிரே நின்று பாடிக்கொண்டே பார்த்துப் படித்தார்கள்.

சென்னையில் கே.எம். இசைப்பள்ளி (2008 முதல்), மும்பையில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா (2006 முதல்) ஆகியவை இருக்கின்றன. ஒத்திகை அறையில் ஒரு ஓரமாக உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். ஸ்கோரோடு போய் உட்கார்ந்து, நடத்துனர் எதற்காக நிறுத்தினார், நிறுத்தியபின் என்ன சொன்னார், மறுமுறை என்ன மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மொழிகள்

ஜெர்மன், இத்தாலியன், பிரெஞ்சு. ஜெர்மன் வேலை செய்ய, மற்ற இரண்டும் குறைந்தபட்சம் சரியாக உச்சரிக்கவும் சொல்லுக்குச் சொல் பொருள் புரியவும். ஒத்திகை முழுக்க ஜெர்மனில் நடக்கும், ஆர்கெஸ்ட்ராவிடம் மரியாதைப் பன்மையில்தான் பேச வேண்டும். கதை சுருக்கம் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பாடகரின் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள்.

படி 6: கல்லூரி

பெர்லினில் ஹன்ஸ் ஐஸ்லர், வைமாரில் ஃபிரான்ஸ் லிஸ்ட், வியன்னாவில் இசை மற்றும் நிகழ்த்துகலைப் பல்கலைக்கழகம், ஹெல்சிங்கியில் சிபேலியஸ் அகாடமி என்று நல்ல இடங்கள் பல. ஹெல்சிங்கிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. யோர்மா பானுலா அங்கே பாடம் நடத்திய காலத்திலிருந்து, மாணவர் ஒவ்வொருவருக்கும் முன்னால் நிஜமான சிறு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கும், நடத்துவதை வீடியோ எடுத்துப் பிறகு பார்ப்பார்கள். நடத்துனர்கள் சலோனென், சரஸ்தே, ஒராமோ எல்லோரும் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள். இளம் நடத்துனர் கிளவுஸ் மாகெலாவும் சிறு வயதிலேயே பானுலாவிடம் படித்தவர்தான்.

ஒரு வகுப்புக்கு ஆண்டுக்கு ஓரிரு இடங்கள்தான் இருக்கும். நுழைவுத் தேர்வில் பெரும்பாலும் இரண்டு பியானோக்களை ஆர்கெஸ்ட்ராவாக வைத்து நடத்தச் சொல்வார்கள். பியானோவில் தனி வாசிப்பு, பார்த்ததும் ஸ்கோர் வாசிப்பு, காதுத் தேர்வு, ஓபராக் காட்சி ஒன்றைப் பாடிக்கொண்டே வாசிப்பது ஆகியவையும் இருக்கும். விண்ணப்பத்தோடு வீடியோ கேட்டால், கேமராவை ஆர்கெஸ்ட்ரா பக்கம் வையுங்கள். தேர்வுக்குழு பார்க்க விரும்புவது உங்கள் முகத்தையும் கைகளையும். பார்வையாளர் பக்கத்திலிருந்து எடுத்தால் முதுகு மட்டும்தான் தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் செமஸ்டர் பங்களிப்புத் தொகை தவிரக் கட்டணம் கிடையாது. ஸ்டுட்கார்ட், மன்ஹைம், ஃபிரைபுர்க் எல்லாம் இருக்கும் பாடன்-வியூர்ட்டெம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கியது. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்று உயர்ந்தது. விண்ணப்பிக்கும்போது இன்றைய தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: கை

இப்போதுதான் கைக்கு வருகிறோம். இரண்டு, மூன்று, நான்கு எண்ணிக்கைகளின் உருவங்களை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். வாத்தியக்காரர்கள் நம்பியிருப்பது அடி விழுவதற்கு முந்தைய அசைவை. கை மேலே போகும் வேகத்தில் வேகம் தெரியும், எடையில் சத்தத்தின் அளவு தெரியும், அதோடு நீங்கள் எடுக்கும் மூச்சில் காற்றுவாத்தியக்காரர்களும் மூச்சு எடுப்பார்கள்.

பேத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் முதல் அளவை எடுத்துக்கொள்வோம். உலகமே அறிந்த நான்கு ஸ்வரங்கள்தான், ஆனால் தொடங்கி வைப்பதற்குள் உயிர் போய்விடும். தாளம் இரண்டுக்கு நான்கு. வேகத்தினால் ஒரு அளவுக்கு ஒரே அடி. முதல் எட்டில் ஒரு பங்கு மௌனம், அதன் பிறகு மூன்று குட்டி ஸ்வரங்கள், அடுத்த அளவில் நீட்டி நிறுத்தும் ஸ்வரம். அதாவது உங்கள் கை கீழே விழும் இடத்தில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்காது. அந்த அடியிலிருந்து தெறித்துத்தான் முதல் ஸ்வரம் வரும். கை கொஞ்சம் தயங்கினாலும் வயலின்கள் மூன்று ஸ்வரத்தையும் மூன்று விதமாகப் பிடிப்பார்கள். தேவைக்கு மேல் ஒரு அசைவு கொடுத்தால் யாராவது ஒருவர் மௌனத்திலேயே உள்ளே வந்துவிடுவார்.

அடுத்த சிக்கல் உடனே வருகிறது. நீட்டிய ஸ்வரத்தை நிறுத்த வேண்டும், அடுத்த மூன்று ஸ்வரங்களையும் தொடங்கிவைக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி அசைவு கொடுத்தால் இசை அறுந்துபோகும். நிறுத்தும் அசைவே அடுத்ததன் முன்னசைவாக மாற வேண்டும். கண்ணாடி முன் நின்று இந்த ஐந்து அளவுகளை மட்டும் பல வாரம் பழகலாம். வீடியோ எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வேகமும் சத்தமும் கையிலேயே தெரிகிறதா என்று அப்போது விளங்கும்.

இடது கை வலது கையின் நிழலாக ஆடக் கூடாது. ஒரு குழுவை உள்ளே அழைக்கவும், ஒலியைத் தணிக்கவும், பக்கம் புரட்டவும் அது வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் சும்மா இருக்கட்டும்.

படி 8: கொரெபெடிடோர் வேலை

இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இந்த வழிகாட்டியின் மையம் இதுதான்.

அரங்கம் ஒன்றில் இந்த இடத்துக்குத் தேர்வு வைக்கும்போது என்ன கேட்பார்கள் என்பது கிட்டத்தட்ட எழுதப்படாத விதியாகவே ஆகிவிட்டது. 'ஃபிகாரோ' இரண்டாம் அங்கத்தின் முடிவுப் பகுதி, 'கார்மென்' ஐவர் பாட்டு, 'லா போஹெம்' தொடக்கம், ஸ்ட்ராஸின் 'சலோமே'யில் ஐந்து யூதர்கள் வாதாடும் இடம், அல்லது 'எலெக்ட்ரா', 'ரோசன்கவாலியர்' இவற்றின் ஆரம்பம். வாசித்தால் மட்டும் போதாது. எல்லாப் பாத்திரங்களின் வரிகளையும் நீங்களே பாட வேண்டும், குரல் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கார்மென் ஐவர் பாட்டு காற்றாய்ப் பறக்கும். ஐந்து பேருடைய பிரெஞ்சுச் சொற்களையும் மாறி மாறிப் பாடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஆர்கெஸ்ட்ராவை வாசித்துக்கொண்டு, தலையசைப்பால் அடுத்தவருக்கு நுழைவு காட்ட வேண்டும். நடுவில் தேர்வாளர் எழுந்து வந்து வேண்டுமென்றே வேகத்தை மாற்றி நடத்துவார், நீங்கள் கூடவே போக வேண்டும்.

இங்கே எல்லா ஸ்வரத்தையும் வாசிப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது. ஸ்ட்ராஸின் பியானோப் பிரதியில் பத்து விரலுக்கு அடங்காத அளவு மை இருக்கும். பாஸ் வரி, ஹார்மனி மாறும் இடம், பாடகர் தன் சுருதியை எடுத்துக்கொள்ளும் வாத்தியம், தாளத்தைத் தாங்கும் உருவம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றதை விடத் தெரிய வேண்டும். எதை விட்டீர்கள் என்பதில் உங்கள் ஸ்கோர் அறிவு தெரிந்துவிடும்.

வேலையில் சேர்ந்த பிறகு நாள் இரண்டாகப் பிளந்திருக்கும். காலை பத்து மணிக்கு ஒரு ஒத்திகை, மாலை ஆறு மணிக்கு இன்னொன்று, இடையில் தனித்தனிப் பாடகர்கள். ஒரு சோப்ரானோவுக்கு ஸ்வரம் கற்றுக்கொடுப்பீர்கள், ஒரு டெனருக்கு இத்தாலிய உயிரெழுத்தைத் திருத்துவீர்கள், மேடை இயக்குநர் ஒரே காட்சியை எட்டாவது முறையாக நிறுத்திச் செய்யும்போது அதே நான்கு அளவுகளை எட்டாவது முறையும் உயிரோடு வாசிப்பீர்கள். பாடகர் மூச்சு இழுப்பதைப் பார்த்தே கையைத் தாமதிக்கும் மிருதங்கக்காரரைப் போல, யாருக்கு எங்கே எவ்வளவு இடம் வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிய ஆரம்பிக்கும். பின்னாளில் நடத்துனரின் குச்சி பிடிக்கும்போது உங்களைக் காப்பாற்றப் போவது இந்த அறிவுதான்.

மொஸார்ட், ரொஸ்ஸீனி ஓபராக்களில் பேச்சுநடைப் பகுதிகளுக்கு ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) வாசிப்பதும் பல அரங்கங்களில் கொரெபெடிடோர்தான். எழுதியிருப்பது பாஸ் வரி மட்டும், மேலே நீங்களே நிரப்ப வேண்டும். நடிகர் கதவைத் தட்டத் தாமதித்தால் அந்த மௌனத்தையும் நீங்களே சமாளிக்க வேண்டும்.

இன்னொரு வேலை மேடைக்குப் பின்னால். 'டோஸ்கா' இரண்டாம் அங்கத்தில் ஸ்கார்ப்பியாவின் அறைக்கு வெளியே, ஜன்னல் வழியாகக் கொயர் பாடுவது கேட்க வேண்டும். அந்தக் கொயர் திரைக்குப் பின்னால் நிற்கிறது, அவர்களுக்கு நடத்துனரைப் பார்க்க முடியாது. நீங்கள் ஒரு சின்ன மானிட்டரில் அவருடைய கையைப் பார்த்து அங்கே நடத்த வேண்டும். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். இருபது மீட்டர் தள்ளி நின்றாலே கிட்டத்தட்ட 60 மில்லி நொடி தாமதம். காதில் விழும் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாடினால் அரங்கத்தில் தாமதமாகத்தான் கேட்கும். அதனால் காதை நம்பாமல் கண்ணை நம்பி, திரையில் தெரியும் அடிக்கு ஒரு துளி முன்னால் கொடுக்க வேண்டும். பார்வையாளர் யாருக்கும் உங்கள் முகம் தெரியாது. ஆனால் அன்றிரவு மேடைக்கு முன்னால் ஆர்கெஸ்ட்ரா உட்காரும் பள்ளத்தில் இருந்த நடத்துனருக்கு நீங்கள் யார் என்று நன்றாகத் தெரிந்துவிடும்.

படி 9: அந்த ஒரு அழைப்பு

முதல் வாய்ப்பு பெரும்பாலும் வேறொருவரின் காய்ச்சலில் வருகிறது. 1943 நவம்பர் 14 அன்று ப்ரூனோ வால்டருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால், 25 வயது உதவி நடத்துனர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். 1983இல் சலோனென் லண்டனில் மாலரின் மூன்றாவது சிம்பொனிக்குக் கடைசி நேரத்தில் இறங்கினார். ஜெர்மன் அரங்கங்களில் இது அன்றாடம். யோஆனா மல்விட்ஸ் ஹைடல்பெர்க் அரங்கத்தில் கொரெபெடிடோராக இருந்தபோது, இருபது வயது வாக்கில், 'மேடம் பட்டர்ஃபிளை'யை அப்படித்தான் திடீரென்று நடத்த நேர்ந்தது. 2014இல் எர்ஃபுர்ட்டின் பொது இசை இயக்குநர் ஆனார், 2018இல் நியூரெம்பர்க், 2023இல் பெர்லின் கொன்ட்செர்ட்ஹவுஸ்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிட மாட்டேன். அரங்கத்தின் சீசன் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஓபராவையும் நாளைக்கே நடத்த வேண்டியிருக்கும் என்று நினைத்துப் படித்து வையுங்கள். குறிப்பாக எங்கே நடத்துனர் பாடகருக்காகக் காத்திருக்கிறார், எங்கே இரண்டாக அடித்துக்கொண்டிருந்தவர் நான்காக மாற்றுகிறார், எந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார்கள் என்பதை உங்கள் பிரதியில் குறித்து வையுங்கள். மற்றொருவர் தயார்செய்த நிகழ்ச்சியை ஆர்கெஸ்ட்ரா ஒத்திகையே இல்லாமல் ஏற்று நடத்துவதுதான் இளம் கபெல்மைஸ்டரின் வழக்கமான வேலை. அந்த இரவில் உங்கள் புதுக் கருத்துகளை நுழைக்க முயலாதீர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏற்கெனவே தெரிந்த பாதையைத் தெளிவாகக் காட்டினால் போதும்.

படி 10: உங்கள் சொந்தத் தயாரிப்பு

கபெல்மைஸ்டர் ஆனபின் ஒரு ஓபராவை முதலிலிருந்து தயார்செய்யக் கொடுப்பார்கள். முதலில் பாடகர்களோடு பியானோ ஒத்திகை. பிறகு சில வாரங்கள் மேடை ஒத்திகை, அப்போதும் பியானோதான். அதே சமயத்தில் ஆர்கெஸ்ட்ராவோடு தனி ஒத்திகைகள். பாடகர்கள் நடிக்காமல் உட்கார்ந்து முதன்முதலாக ஆர்கெஸ்ட்ராவோடு பாடும் நாளுக்கு ஸிட்ஸ்புரோபே என்று பெயர். அதன் பிறகு எல்லாம் சேர்ந்த மேடை ஒத்திகைகள், இறுதி முழு ஒத்திகை, முதல் காட்சி.

ஆர்கெஸ்ட்ரா முன்னால் பேச்சு குறைவாக இருக்கட்டும். எந்த அளவு, யார், என்ன வேண்டும்: நீளமா குட்டையா, சத்தமா மெதுவா, முன்னாலா பின்னாலா. இவ்வளவு போதும். முதல் முறை விழுந்த தப்பு வாசித்தவருக்கே தெரிந்திருக்கும், அதற்காக நிறுத்தாதீர்கள். மறுமுறையும் விழுந்தால் சொல்லுங்கள். ஒத்திகை நேரம் முடிந்தால் நிறுத்துங்கள், ஒரு நிமிடமும் திருடாதீர்கள்.

படி 11: மற்ற வாசல்கள்

கச்சேரி ஆர்கெஸ்ட்ரா பக்கம் போக உதவி நடத்துனர் பதவிகளும் போட்டிகளும் உண்டு. பிரான்ஸில் பெசான்சோன் (1951 முதல், 1959இல் செய்ஜி ஒசாவா வென்றது), கோபன்ஹேகனில் மால்கோ, லண்டனில் டொனாடெல்லா ஃப்ளிக், பாம்பெர்கில் மாலர் போட்டி. 2004இல் நடந்த முதல் மாலர் போட்டியில் வென்றவர் குஸ்டாவோ டூடமெல். மேத்தாவுக்கும் 1958 லிவர்பூல் போட்டிதான் கதவைத் திறந்தது. வயது வரம்பு பெரும்பாலும் முப்பதுகளின் நடுவில் முடிந்துவிடும். போய்ப் பாருங்கள். ஆனால் வென்ற மறுவருடம் பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் அழைக்கும்போது கையில் நான்கு சிம்பொனிகளே இருந்தால் தாங்காது. அரங்கத்தில் ஐந்து வருடம் இருந்தவருக்கு முப்பது ஓபரா தெரிந்திருக்கும்.

பெண்களுக்கு இந்த மேடை நெடுங்காலம் மூடியே இருந்தது. அந்தோனியா பிரிகோ 1930இலேயே பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். அப்படியும் வியன்னா அரசு ஓபரா முதல் பெண் நடத்துனரைப் பார்க்க 1993 ஆயிற்று. அவர் சிமோன் யங், ஆஸ்திரேலியாவில் ஒத்திகைப் பியானோ வாசித்துத் தொடங்கியவர். 2005 முதல் 2015 வரை ஹாம்பர்க் ஓபராவின் தலைவராகவும் பொது இசை இயக்குநராகவும் இருந்தார். பாரிஸில் 2020 முதல் பெண்களுக்கென்றே லா மாயெஸ்த்ரா போட்டி நடக்கிறது. தகுதியுள்ள பெண்கள் யாரும் இன்னும் நேரம் வரவில்லை என்று ஒதுங்கி இருக்க வேண்டாம்.

படி 12: ஒப்பந்தம்

ஜெர்மன் அரங்கங்களில் கலைஞர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சீசனுக்குத்தான். அடுத்த சீசனுக்கு நீட்டிக்கப் போவதில்லை என்றால் அரங்கம் முந்தைய அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும். தலைமை இசை இயக்குநர் மாறும்போது கீழே இருப்பவர்களும் மாறுவது சகஜம். அதனால் வேலையில் இருக்கும்போதே அடுத்த தேர்வுக்குத் தயாராகவே இருங்கள்.

சின்ன ஊரிலிருந்து வேலை வந்தால் ஊரின் அளவைப் பார்த்து மறுக்காதீர்கள். பெரிய அரங்கத்தில் பத்து கொரெபெடிடோர்களில் ஒருவராக இருந்து வருடக்கணக்கில் குச்சியைத் தொடாமல் போனவர்கள் உண்டு. விளம்பரத்தில் வெறும் 'கொரெபெடிடோர்' என்று போட்டிருக்கிறதா, 'நடத்தும் பொறுப்புடன்' என்று சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் வேறு வேலைகள். நேர்காணலில் சம்பளம் கேட்பதற்கு முன் ஒரு சீசனில் எத்தனை நிகழ்ச்சி நடத்தக் கிடைக்கும் என்று கேளுங்கள். வாய்மொழியாக "பார்க்கலாம்" என்றால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். எண்ணிக்கையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.